நாலு நொடியும் ஒரு ரவுட்டரும்

இருபது நிமிடமாக இந்தப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். கீழே வைக்கவும் மனம் வரவில்லை, பில் போடுங்கள் என்று சொல்லவும் வாய் வரவில்லை. சட்டையில் ரெஜினா என்று பெயர் குத்திய விற்பனைப் பெண் காலை மாற்றி மாற்றி நிற்கிறாள், பாவம், காலையிலிருந்தே நிற்கிறாளோ என்னவோ, ஆளுக்கொரு நாற்காலி போட்டால் இந்தக் கடைக்காரனுக்கு என்ன குறைந்துவிடும். "மேடம், இது கேம் கன்சோல் கம்பெனியே போட்ட ரவுட்டர் மேடம். உங்க வீட்டுல இருக்கறதும் இதே கம்பெனி கன்சோல்தானே? அப்பக் கண்ண மூடிக்கிட்டு எடுக்கலாம்" என்கிறாள். கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிற ஆளா நான். ரத்தப் பரிசோதனை லேபில் காலை ஆறு மணியிலிருந்து மற்றவர் கையில் நரம்பைத் தேடி ஊசி குத்துகிறவள், கண்ணை மூடினால் ஊரே அலறும். மணி மூன்றே முக்கால். இங்கே ஐந்து மணி ஆகும்போது என் வீட்டுக்காரர் அங்கே தோஹாவில் தன் அறையில் கன்சோலைப் போட்டுவிட்டு உட்காருவார், நான் இங்கே பட்டுக்கோட்டையில் என் கன்சோலைப் போட்டுவிட்டு உட்கார வேண்டும். வெள்ளிக்கிழமை என்றால் அப்படித்தான், அவருக்கு விடுமுறை, எனக்கு லேப் இரண்டு மணிக்கு முடிந்துவிடும். காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஆளுக்கொரு காரை ஓட்டுவோம். ஒருமணி நேரம். எங்களுடைய குடும்பம் நடப்பது அந்த ஒருமணி நேரத்தில்தான், மற்றதெல்லாம் சாப்டியா சாப்டேன். இன்றைக்கும் நெட் இழுத்துக்கொண்டு நின்றால் என்ன செய்வேன். அதற்குத்தான் இந்தப் பெட்டி. அதற்குத்தானா?

யாராவது கேட்டால் சிரிப்பார்கள், முப்பத்துநாலு வயதுப் பெண்பிள்ளை, கழுத்தில் தாலியோடு, டிவி முன்னால் உட்கார்ந்து கார் பந்தயம் ஓட்டுகிறாள் என்று. முதலில் எனக்கே சிரிப்பாகத்தான் இருந்தது. இரண்டாவது தடவை லீவில் வந்தபோது ஒரே மாதிரி இரண்டு கன்சோல் வாங்கி வந்தார், ஒன்றை இங்கே வைத்துவிட்டு ஒன்றைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். வேறு வீட்டில் தங்கச் சங்கிலி வரும், நம் வீட்டில் பொம்மைக் கார் வருகிறது என்று அத்தை, அவருடைய அம்மா, மோவாயைத் தோளில் இடித்துக்கொண்டார். ஆனால் அந்தக் கார் ஓடும்போது நான் வேறு ஆளாகிவிடுவேன். நீங்க வாங்க என்று பேசுகிற நான், பந்தயம் தொடங்கிவிட்டால், டேய் இடிக்காதடா, ஒழுங்கா ஓட்டுடா என்பேன். முதல் தடவை வாய் தவறி வந்துவிட்டது, நாக்கைக் கடித்துக்கொண்டேன். அந்தப் பக்கம் திருநாவுக்கரசு, இத்தனை பெரிய பெயர் வைத்திருக்கிற மனிதர், விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னொரு தடவ சொல்லு மொழி" என்றார். மணிமொழி என்ற என் பெயரில் பாதியைச் சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடுவது அவர் ஒருத்தர்தான். அன்றிலிருந்து அது எங்களுக்குள் ஒரு சட்டம், பந்தயம் ஓடும்வரை டா, முடிந்ததும் நீங்க. போன வாரம் யோசித்துப் பார்த்தேன், ஒரு மாதமாகப் பந்தயத்துக்கு நடுவிலும் நீங்க என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எப்போது மாறியது? யார் மாற்றினார்கள்? எனக்குத் தெரியாமல் என் வாயே மாற்றிவிட்டதா?

"இதுல கேமுக்குன்னே தனி வழி இருக்கு மேடம். வீட்டுல மத்தவங்க என்ன பாத்தாலும் அதெல்லாம் ஓரமா நின்னுடும், உங்க கேம் மட்டும் ஆம்புலன்ஸ் மாதிரி நேராப் போகும்" என்கிறாள் ரெஜினா. நன்றாகத்தான் பேசுகிறாள். வீட்டில் மத்தவங்க என்றால் அத்தை ஒருத்தர்தான், ஐந்து மணிக்குப் போனில் சீரியல் பார்ப்பார். நெட் இழுக்கிறது என்று சொல்லி மூன்று வாரமாக அதையும் நிறுத்திவிட்டேன், அவரும் முணுமுணுத்துக்கொண்டே மாடிக்குத் துணி எடுக்கப் போய்விடுகிறார். ரவுட்டருக்குத் தூசி படக்கூடாது என்று அவர் ஆசையாகத் தைத்துப் போட்டிருந்த பூப்போட்ட உறையைக் கழற்றினேன். ஜன்னல் பக்கம் வைத்தேன், பீரோ மேல் வைத்தேன், ஒருநாள் மிக்ஸி பக்கத்தில்கூட வைத்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கார் அப்போதும் நின்று நின்றுதான் ஓடியது, அரை நொடி நிற்கும், பிறகு தாவும். அது பரவாயில்லை. கார் போய்ச் சுவரில் மோதினால் மோதட்டும். அவர் குரல்தான். நான் ஒன்று கேட்டால் அந்தப் பக்கம் சத்தமே இல்லை, பிறகு பதில் வருகிறது. மூன்று வெள்ளிக்கு முன்னால், ஒரு வளைவில் திரும்பிக்கொண்டே, "இந்த வருஷம் எப்ப வரீங்க?" என்று கேட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நாலு நொடி. பிறகு "பாப்போம்" என்றார். காருக்கு அரை நொடி, குரலுக்கு மட்டும் நாலு நொடியா? அரை நொடியை நெட் கணக்கில் எழுதலாம், மிச்சம் மூன்றரை நொடியை யார் தலையில் எழுதுவது?

எண்ணுவது என் தொழில், அதுதான் வந்த வினை. விரலில் குத்தி மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை ஏற்றி, அரை நிமிடத்துக்கு ஒருமுறை குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒடித்துப் பார்ப்போம். ஒடித்த இடத்தில் நூல்போல இழுத்தால் ரத்தம் உறைந்துவிட்டது என்று அர்த்தம், அதுவரை எத்தனை நிமிடம் என்று எழுதிக்கொள்ள வேண்டும். பதினோரு வருடமாக இதைச் செய்து செய்து, பால் பொங்குவதையும் எண்ணுவேன், பஸ் கிளம்புவதையும் எண்ணுவேன். இரண்டு மாதமாக அவரையும் எண்ணிக்கொண்டிருக்கிறேன். போன வாரம், சாப்பாடு என்ன என்றதற்கு இரண்டு நொடி. இருமல் எப்படி இருக்கு என்றதற்கு மூன்று. சாப்பாட்டுக்கு எதற்கு இரண்டு நொடி, தின்ற சோற்றைச் சொல்ல யோசனை எதற்கு? சாப்பிடவில்லையோ. வேலை போய்விட்டதோ, ஏசி மாட்டுகிற கம்பெனியில் ஆள் குறைக்கிறார்கள் என்று முன்பு ஒருதரம் சொன்னார், அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. இல்லை, அந்த இருமல்தான், நெஞ்சுப் படத்தில் ஏதாவது தெரிந்து மறைக்கிறாரோ, அங்கே அப்படி ஏதாவது வந்தால் ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். இல்லை, அதுவும் இல்லை. வேறு யாராவது. இதை நினைக்கும்போது மட்டும் நான் மேலே போவதில்லை, அந்த வாசலோடு திரும்பிவிடுவேன், திரும்பினாலும் ஐந்து நிமிடத்தில் மறுபடி அதே வாசலில் நிற்பேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று எனக்கே நான் சொல்லிக்கொள்கிறேன், சொன்னால் மட்டும் போய்விடுகிறதா.

லேபில் தினமும் பார்க்கிறேன். ரிப்போர்ட்டில் சர்க்கரை முந்நூறு என்று வந்தால் மனிதர் முகத்தில் முதலில் வருவது பயம் இல்லை, கோபம். "உங்க மெஷின் சரியில்லம்மா, நான் வேற லேப்ல பாத்துக்கறேன்" என்பார்கள். போய்ப் பார்ப்பார்கள், அங்கேயும் முந்நூறு வரும், மூன்றாவது லேபுக்குப் போவார்கள். போங்கள் போங்கள், மெஷின் மாறினால் உங்கள் ரத்தம் மாறிவிடுமா என்று நானும் கூட வேலை செய்கிறவர்களும் உள்ளே வந்து சிரிப்போம். இப்போது நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்? மெஷின் சரியில்லை என்று கையில் பெட்டியோடு நிற்கிறேன். அந்த மூன்றாவது லேபுக்குப் போகிற ஆளின் முகம் இப்போது எனக்கும் இருக்கும், ரெஜினாவுக்குத் தெரிகிறதோ என்னவோ. அதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. வீட்டில் பழைய ரவுட்டர் இருக்கும்வரை எல்லாப் பழியையும் அது தலையில் போடலாம், வாயில்லாத ஜந்து, பச்சை விளக்கை மினுக்கிக்கொண்டு வாங்கிக்கொள்ளும். இந்தப் புதியதை மாட்டி, கார் வெண்ணெய் மாதிரி ஓடி, அதற்கப்புறமும் அவர் நாலு நொடி யோசித்தால்? அப்புறம் பழி போட ஆள் இல்லை. அப்போது அது அவர்தான். வாங்கினால் தெரிந்துவிடும், வாங்காவிட்டால் தெரியாது. தெரிய வேண்டுமா எனக்கு? வேண்டும். வேண்டாம். தெரிந்து என்ன செய்யப்போகிறேன், கல்யாணமாகி ஆறு வருடத்தில் சேர்ந்து இருந்தது எல்லா லீவையும் கூட்டினாலும் ஏழு மாதமும் சொச்சமும், அவருக்கு எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் தூக்கம் வரும் என்பதுகூட எனக்குச் சரியாகத் தெரியாது.

மேனேஜர் வாஷிங் மெஷின் பக்கம் போனதும் ரெஜினா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மேடம், ஒண்ணு சொல்லட்டுமா? தப்பா நெனச்சுக்காதீங்க. கேமுக்கு இதெல்லாம் தேவையே இல்ல. ஒரு நெட் வயர் வாங்கி உங்க பழைய ரவுட்டர்லேர்ந்து நேரா கன்சோல்ல சொருகிடுங்க, இதவிட அது பெஸ்ட்டு. பேருக்காகத்தான் இந்த வெல." எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது, அதே சமயம் கோபமும் வந்தது. "இல்லம்மா, பேசறது லேட்டா வருது. வெளிநாட்டுலேர்ந்து" என்றேன். "சார் வெளிநாடா?" என்றாள். ஆமாம் என்றேன். அவள் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "வீட்டுக்குள்ளதான் மேடம் ரவுட்டரு வேல செய்யும். வாசலத் தாண்டிட்டா அப்பறம் நம்ம கையில ஒண்ணும் இல்ல. எந்தக் கம்பெனி போட்டாலும் அப்படித்தான்." ஒரு விற்பனைப் பெண் சொல்லவேண்டிய பேச்சா இது. என் முகத்தில் என்ன பார்த்தாளோ, "வயரு எடுத்துட்டு வரட்டுமா?" என்றாள். "இல்ல, இதையே போடு" என்றேன். சொன்னபிறகுதான் சொன்னது தெரிந்தது. பெட்டியை அவள் கையில் கொடுத்துவிட்டேன். பில் போடுகிற இடத்தில் எனக்கு முன்னால் மூன்று பேர். திரும்பி ஓடிவிடலாமா? வெறும் வயிறு, மதியம் சாப்பிட்டேனா? சாப்பிடவில்லை. அதுதான் இப்படித் தோன்றுகிறது. அதுமட்டும்தான் என்று வைத்துக்கொள்வோம்.

வரிசையில் இரண்டாவது ஆளாக நிற்கும்போது போன் அடித்தது. அவர். நாலு மணிதான் ஆகிறது, ஐந்து மணிக்கு முன்னால் வெள்ளிக்கிழமை ஒருநாளும் கூப்பிட்டதில்லை, என்னவோ ஆகிவிட்டது, சொல்லப்போகிறார், இதோ சொல்லப்போகிறார். "என்னங்க?" என்றேன். "ஒண்ணுமில்ல. அங்க அஞ்சு மணி ஆவுற வரைக்கும் இருப்புக் கொள்ளல, அதான். எங்க இருக்க, ஒரே சத்தமா இருக்கு?" என்றார். கடையில் என்றேன், என்ன கடை என்றார், ரவுட்டர் வாங்க என்றேன். ஒன்று, இரண்டு, மூன்று. கடவுளே, இது செல்போன், வீட்டு ரவுட்டருக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, இதிலும் மூன்று நொடி. அப்படியானால் அது அவர்தான். பக்கத்தில் இருந்த பிரிட்ஜைப் பிடித்துக்கொண்டேன். "எந்த ரவுட்டரு? வெள்ளையா, கன்சோல் கம்பெனி பேரு போட்டதா?" என்றார். "ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன். சிரித்தார், சிரிப்பு மாதிரி இல்லை. "அதத்தான் நானும் போன மாசம் வாங்குனேன். ரூம்ல இருக்கற பயலுவ எல்லாம் சிரிச்சானுவ, கார் ஓட்டறதுக்கு ராஜா வீட்டு ரவுட்டரான்னு. ஒன்ட்ட சொல்லல" என்றார். எதற்கு வாங்கினீர்கள் என்று கேட்டேன்.

"நீ பதில் சொல்ல நேரமாவுது மொழி" என்றார். "முன்னெல்லாம் வாய மூட மாட்ட. இப்ப நான் ஒண்ணு சொன்னா அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்ல, அப்பறம் மெதுவா ஒரு வார்த்த வருது. நெட்டுதான்னு நெனச்சேன். நெட்டா இருக்கணும்னு சாமிய வேண்டிக்கிட்டுத்தான் வாங்குனேன். மாட்டுனேன். அப்பறமும் நீ அப்படியேதான் பேசுற. அதுலேர்ந்து சரியாத் தூக்கமே இல்ல." நான் பிரிட்ஜின் கதவைப் பிடித்தபடி நின்றேன். நானா? நான் எங்கே தாமதித்தேன், அவரை அல்லவா நான், ஒன்று இரண்டு என்று, ஐயோ. எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் பதில் சொன்னதும் எத்தனை நொடி என்று மனதுக்குள் குறித்துக்கொண்டு, போன தடவை எத்தனை என்று ஒப்பிட்டுப் பார்த்து, அதற்கப்புறம் அல்லவா வாயைத் திறந்தேன். அங்கே அந்த மனிதர் என் மௌனத்தைக் கேட்டுப் பயந்து, ஒவ்வொரு வார்த்தையையும் இதைச் சொல்லலாமா கூடாதா என்று புரட்டிப் புரட்டிப் பார்த்துப் பேசியிருக்கிறார், அதை நான் இங்கே உட்கார்ந்து எண்ணியிருக்கிறேன். ஊசி குத்திய இடத்தையே திரும்பத் திரும்பக் குத்திவிட்டு ரத்தம் நிற்கவில்லையே என்று எழுதி வைத்திருக்கிறேன். பதினோரு வருட அனுபவம் எனக்கு. வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

"அன்னிக்கு எப்ப வரீங்கன்னு கேட்டியே" என்றார். "ஆசையாக் கேக்குறியா, வந்துருவானோன்னு பயந்து கேக்குறியா, ஒண்ணும் புரியல. நான் இல்லாம இருந்து இருந்து ஒனக்கு அதுவே பழகிப்போச்சோன்னு தோணிருச்சு." வரிசை நகர்ந்தது, பின்னால் நின்றவர் என்னைச் சுற்றிக்கொண்டு முன்னால் போனார், போகட்டும். "மொழி, நான் மொத்தமா வந்துரட்டுமா? இங்க ஏசி மாட்டுறேன், அங்கயும் வெயில் அடிக்கத்தானே செய்யுது" என்றார். மொத்தமா. அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் நின்றுவிட்டது. இதைக் கேட்கத்தானே ஆறு வருடம் காத்துக்கிடந்தேன், பின் எதற்கு இந்தப் பயம். ஒரே வீட்டில், ஒரே கூடத்தில், பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நான் ஒன்று கேட்டு அவர் பேசாமல் இருந்தால் அப்போது எதைக் குறை சொல்வேன்? வயர் இல்லை, பச்சை விளக்கு இல்லை, கடல் இல்லை. ஒரு தடவையில் நாற்பத்தைந்து நாளுக்கு மேல் அந்த மனிதரோடு நான் சேர்ந்து இருந்ததே இல்லை, நாற்பத்தாறாவது நாள் எப்படி இருக்கும் என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. பிடிக்காமல் போனால்? எனக்கு அவரை, அவருக்கு என்னை? பழகிப்போச்சோ என்று கேட்டாரே, பழகித்தான் போயிருக்கிறதா? இதையெல்லாம் நான் நினைத்துக்கொண்டிருக்கும்போது அங்கே அவர் காதில் என் மௌனம் போய்க்கொண்டிருக்கிறது, இந்த மௌனத்தைக் கேட்டுத்தான் அவர் ஒரு மாதமாகத் தூங்கவில்லை. "வந்துருங்க" என்றேன். நான் சொன்ன அதே நொடியில் அவரும், "இல்ல, ஒனக்கு வேணாம்னா" என்று ஆரம்பித்துவிட்டார், இரண்டு பேச்சும் நடுவழியில் மோதிக்கொண்டு ஒன்றும் மிஞ்சவில்லை. "என்ன சொன்ன? ஒண்ணுமே கேக்கல" என்றார். பக்கத்தில் யாரோ ஸ்பீக்கர் ஒன்றைச் சோதித்துப் பார்க்க, கடை முழுவதும் அதிர்ந்தது. "வந்துருங்கன்னு சொன்னேன்!" என்று கத்தினேன். "எனக்கு வேணும்! மொத்தமா வந்துருங்க!" மேனேஜர் திரும்பினார், டிவிகளின் முன்னால் நின்ற குடும்பமெல்லாம் திரும்பியது, ரெஜினா கையில் பெட்டியோடு அப்படியே நின்றாள். அந்தப் பக்கத்திலிருந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வந்தது, அத்தனை இரைச்சலிலும் தெளிவாக.